கையும் கருத்தும்: ஆதாரக் கல்வியின் வரலாறு தரும் பாடம்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று தமிழர் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறோம். நூலறிவு மட்டும் போதாது, பட்டறிவும் வேண்டும் என்பதற்கு இப்பழமொழியை எடுத்துக்காட்டாத கல்விக் கூட்டம் அரிது. ஆயினும், கொல்லையில் காய்த்த சுரைக்காயும் தானாகவே கறியாகிவிடுவதில்லை. பறிப்பவரும், பக்குவம் அறிந்து சமைப்பவரும் வேண்டும். அனுபவவழிக் கல்வியைப் பற்றிய பேச்சுகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது இந்த இரண்டாம் பகுதியே. மாணவரை வகுப்பறைக்கு வெளியே அழைத்துச் சென்றாலே, அவர்கள் கையில் ஒரு கருவியைக் கொடுத்தாலே, கல்வி நிகழ்ந்துவிடும் என்று நாம் எளிதில் நம்பிவிடுகிறோம்.

இந்நம்பிக்கை எவ்வளவு தூரம் சரியானது என்பதை ஆராய, வரலாற்றில் நமக்கு நெருக்கமான சான்று ஒன்று உண்டு. காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் சோதித்துப் பார்த்து, பின்னர் இந்தியாவில் 'நயீ தாலீம்' என்னும் பெயரில் வளர்த்த ஆதாரக் கல்வியே அது. அதன் தொடக்கத்தில் தமிழ்ப் பிள்ளைகள் இருந்தனர். அதை நடத்திச் சென்றவர்களுள் ஒரு தமிழர் முன்னணியில் நின்றார். அதைப் போன்று தோன்றிய வேறொரு திட்டமோ, தமிழ் மண்ணிலேயே கடும் எதிர்ப்பைச் சந்தித்து வீழ்ந்தது. இம்மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

டால்ஸ்டாய் பண்ணை

1910ஆம் ஆண்டு, சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டோரின் குடும்பங்கள் தங்கி வாழ ஓரிடம் தேவைப்பட்டது. காந்தியடிகளின் நண்பரும் கட்டடக் கலைஞருமான ஹெர்மன் காலன்பாக், ஜோகானஸ்பர்க் நகரிலிருந்து ஏறத்தாழ 21 மைல் தொலைவிலிருந்த 1,100 ஏக்கர் நிலத்தை அதற்கென அளித்தார். ஆரஞ்சு முதலிய பழமரங்கள் நிறைந்திருந்த அந்நிலமே டால்ஸ்டாய் பண்ணை. இந்துக்கள், முஸ்லிம்கள், பார்சிகள், கிறித்தவர்கள் எனப் பல சமயத்தவரும் அங்கு ஒன்றாக வாழ்ந்தனர். தமிழ், தெலுங்கு, குஜராத்தி, இந்தி எனப் பல மொழிகள் ஒலித்தன.

பண்ணையில் வேலையாட்கள் இல்லை. சமையல் முதல் கழிவு அகற்றுதல் வரை அனைத்தையும் அங்கு வாழ்ந்தவர்களே செய்தனர். சிறுவர்களும் குழி வெட்டினர், மரம் வெட்டினர், சுமை தூக்கினர். காலன்பாக் டிராப்பிஸ்ட் துறவியரின் மடம் ஒன்றுக்குச் சென்று செருப்புத் தைக்கக் கற்று வந்தார். அவரிடமிருந்து காந்தியடிகள் அதைக் கற்றார். பிறகு அது பிள்ளைகளுக்குக் கற்பிக்கப்பட்டது. சாதியின் பெயரால் தோல் வேலையும் கழிவு அகற்றும் வேலையும் சிலருக்கு மட்டும் உரியவை என ஒதுக்கப்பட்டிருந்த ஒரு சமுதாயத்திலிருந்து வந்த பிள்ளைகளுக்கு இது எத்தகைய பாடமாக இருந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இங்குக் கடைப்பிடிக்கப்பட்ட விதி ஒன்றை ஆசிரியர்கள் மனத்தில் இருத்த வேண்டும். ஆசிரியர் செய்யாத எந்த வேலையையும் மாணவரிடம் செய்யச் சொல்லக் கூடாது என்பதே அவ்விதி. பிள்ளைகள் வேலை செய்த இடத்தில் ஆசிரியர் ஒருவரும் உடன் நின்று உழைத்தார். அதனாலேயே அவர்கள் மகிழ்ச்சியோடு கற்றனர் என்று காந்தியடிகள் தம் வரலாற்றில் எழுதியுள்ளார்.

எழுத்துக் கல்விக்கு நாள்தோறும் மூன்று பாடவேளைகளுக்கு மேல் ஒதுக்கப்படவில்லை. தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் பொறுப்பைக் காந்தியடிகளே ஏற்றார். கப்பல் பயணங்களிலும் சிறையிலும் கற்ற சிறிதளவு தமிழே அவரிடம் இருந்தது. ஜி. யு. போப் எழுதிய தமிழ்க் கையேட்டைத் தாண்டித் தாம் செல்லவில்லை என்பதை அவர் மறைக்கவும் இல்லை. காலை முழுதும் உழைத்த களைப்பில் பிற்பகல் வகுப்பில் பிள்ளைகள் கண்ணயர்ந்ததும் உண்டு. உழைப்பும் படிப்பும் ஒரே வளாகத்தில் இருந்தன. ஆனால் ஒன்று மற்றொன்றுக்குள் இன்னும் புகவில்லை. அந்தப் பணி வார்தாவுக்காகக் காத்திருந்தது.

வார்தாவும் ஆரியநாயகமும்

1937 அக்டோபர் 22, 23 ஆகிய நாள்களில் வார்தாவில் கல்வி மாநாடு ஒன்று காந்தியடிகளின் தலைமையில் கூடியது. அங்கு எடுத்த முடிவுகளைப் பாடத்திட்டமாக வகுக்க ஜாகிர் உசேன் தலைமையில் குழு ஒன்று அமைக்கப்பட்டது. 7 முதல் 14 வயது வரை கட்டாயக் கல்வி, தாய்மொழியே பயிற்றுமொழி, ஒரு கைத்தொழிலை நடுவாகக் கொண்டு பிற பாடங்களை அமைத்தல் ஆகியன அதன் அடிப்படைகள். நாளொன்றுக்கு ஐந்தரை மணி நேரப் பள்ளியில் 3 மணி 20 நிமிடம் கைத்தொழிலுக்கு வகுக்கப்பட்டது. தாய்மொழிக்கு 40 நிமிடமும், இசை, ஓவியம், கணக்கு ஆகியவற்றுக்கு 40 நிமிடமும் ஒதுக்கப்பட்டன.

கால அட்டவணையைப் பார்ப்பவர், படிப்பு குறைந்துவிட்டதே என்று திகைக்கலாம். ஆனால் கைத்தொழில் நேரமே படிப்பு நேரமாகவும் இருக்க வேண்டும் என்பதுதான் திட்டத்தின் உயிர். இதனைத் தொடர்புபடுத்திக் கற்பித்தல் என்றனர். தக்ளியில் நூல் நூற்கும் சிறுவனை எண்ணிப் பார்ப்போம். 840 கஜ நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வரும் என்பதைக் கொண்டே பருத்தி நூலின் நம்பர் கணிக்கப்படுகிறது. தான் நூற்ற நூலின் நம்பரைக் காண அவன் நீட்டலளவையும் நிறுத்தலளவையும் வகுத்தலும் அறிய வேண்டும். பருத்தி எந்த மண்ணில் விளைகிறது என்பது புவியியல். முறுக்கேறிய நூல் ஏன் உறுதி பெறுகிறது என்பது அறிவியல். இந்தியப் பருத்தி மான்செஸ்டருக்குச் சென்று துணியாகத் திரும்பி வந்த கதை வரலாறு. ஆனால் தக்ளி இவற்றுள் எதையும் தானாகச் சொல்லாது. உரிய நேரத்தில் உரிய கேள்வியைக் கேட்கும் ஆசிரியர் இல்லையேல், எஞ்சுவது நூல் மட்டுமே.

இத்தகைய ஆசிரியர்களை உருவாக்கும் பொறுப்பு, சேவாகிராமத்தில் இயங்கிய ஹிந்துஸ்தானி தாலீமி சங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அதன் செயலாளராக விளங்கியவர் யாழ்ப்பாணத்துத் தமிழரான இ. டபிள்யூ. ஆரியநாயகம். அவர் இரவீந்திரநாத் தாகூரிடம் செயலாளராகப் பணியாற்றி, 1930ஆம் ஆண்டு தாகூர் சோவியத் நாட்டுக்குச் சென்றபோது உடன் சென்றவர். அவரும் அவர்தம் துணைவியார் ஆஷா தேவியும் சாந்திநிகேதனப் பட்டறிவோடு வார்தாவுக்கு வந்து, கொள்கையாக இருந்ததை அன்றாடப் பள்ளி நடைமுறையாக மாற்ற உழைத்தனர். காந்தியடிகளின் பெயரை அறிந்த நம் மாணவருள் ஆரியநாயகத்தின் பெயரை அறிந்தோர் மிகச் சிலரே. கொள்கையை அறிவித்தவரை நினைவில் வைத்து, நடைமுறைப்படுத்தியவரை மறந்துவிடுவது கல்வி வரலாற்றில் வழக்கமாகிவிட்ட ஒரு குறை.

எதிர்ப்பும் எச்சரிக்கையும்

பிள்ளைகள் செய்யும் பொருள்களின் வருவாய் ஆசிரியரின் ஊதியத்தை ஈடுசெய்ய வேண்டும் என்று காந்தியடிகள் விரும்பினார். வார்தா மாநாட்டிலேயே பொருளியல் அறிஞர் கே. டி. ஷா இதனை எதிர்த்தார். பொருளாதாரப் பயனை வலியுறுத்தும்போது கல்வியின் நோக்கம் பலியாகிவிடும் இடருண்டு என ஜாகிர் உசேன் குழுவின் அறிக்கையும் எச்சரித்தது. ஓர் இயக்கம் தன் அறிக்கையிலேயே தன் நோய்க்கூற்றை எழுதிவைத்தது என்று நாம் இதனைப் பாராட்டலாம்.

அதே காலத்தில், 1938இல், அமெரிக்கக் கல்வியாளர் ஜான் டூயி 'அனுபவமும் கல்வியும்' என்னும் பொருள்படும் நூலை வெளியிட்டார். 1896இலேயே சிகாகோவில் செய்முறைப் பள்ளி தொடங்கிய அவர், அனுபவங்கள் யாவும் ஒரே அளவில் கல்வியாகிவிடுவதில்லை என்றும், சில அனுபவங்கள் மேற்கொண்டு வளர்வதைத் தடுக்கவும் கூடும் என்றும் அதில் விளக்கினார்.

அவர் சொன்ன அத்தடை எத்தகையது என்பதை 1953ஆம் ஆண்டு சென்னை மாநிலம் கண்டது. முதலமைச்சர் இராஜாஜி கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்குப் புதிய திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். பள்ளி நேரம் நாளுக்கு மூன்று மணியாகக் குறையும். முறை வைத்து நடத்துவதால் கூடுதலான பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கும். எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்பது அதன் சாரம். நிதியும் பள்ளிகளும் போதாத காலத்தில் எழுந்த திட்டம் அது. எனினும் பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகத்தாரும் அதனைக் குலக்கல்வித் திட்டம் என்று கண்டித்தனர். காங்கிரசுக்குள்ளும் எதிர்ப்பு வலுத்தது. 1954இல் இராஜாஜி பதவி விலகினார். காமராசர் முதலமைச்சரானார். திட்டம் கைவிடப்பட்டது.

மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு வார்தாத் திட்டமும் இதுவும் ஒன்று போலத் தோன்றலாம். இரண்டிலும் பிள்ளைகள் கைத்தொழில் பழகுகின்றனர். வேறுபாடு அடிப்படையானது. வார்தாவில் தொழில் பள்ளிக்குள் வந்தது, ஆசிரியரின் கேள்வியோடு வந்தது, யார் பிள்ளையாயினும் அதே தக்ளியை எடுக்க வேண்டியிருந்தது. 1953இல் தொழில் பள்ளிக்கு வெளியே நின்றது. குயவர் பிள்ளை மண்ணையும் சலவைத் தொழிலாளியின் பிள்ளை துணியையும் நோக்கித் திரும்ப வேண்டியிருந்தது. முன்னதில் உழைப்பு அனைவர்க்கும் பொதுவான கல்வி. பின்னதில் அது பிறப்பு விதித்த எல்லை.

இவ்வச்சத்தை இந்நாட்டுத் தமிழர் எளிதில் உணர்வர். ரப்பர்த் தோட்டத்தில் விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டிய நம் முன்னோர், தம் பிள்ளையின் கையில் அக்கத்தி ஏறக் கூடாது என்பதற்காகவே புத்தகத்தைக் கொடுத்தனர். பள்ளியில் கைவேலை எதற்கு என்று ஒரு பெற்றோர் கேட்டால், அக்கேள்விக்குப் பின்னால் ஒரு தலைமுறையின் நினைவு இருக்கிறது. அதனை அறியாமை என்று ஒதுக்குதல் ஆசிரியர்க்கு அழகன்று.

நம் பள்ளிகளுக்கு

ஆதாரக் கல்வி இந்தியாவில் நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1964 முதல் 1966 வரை ஆய்ந்த கோத்தாரிக் குழு, 'பணி அனுபவம்' என்னும் புதிய பெயரில் அதன் ஒரு கூற்றை முன்வைத்தது. பல பள்ளிகளில் அது வாரம் ஓரிரு பாடவேளைகளாகச் சுருங்கியது. கணக்குப் பாடம் கணக்காகவும் கைவேலை கைவேலையாகவும் மீண்டும் பிரிந்தன.

இன்று நம் மாணவர் வேறு வகை அனுபவங்களைப் பெறுகின்றனர். குர்ட் ஹான் 1941இல் வேல்சின் அபர்டோவியில் தொடங்கிய 'அவுட்வர்ட் பவுண்ட்' இயக்கம், 1967 முதல் சிங்கப்பூரின் புலாவ் உபினில் இயங்குகிறது. மலேசியாவில் லூமுட்டிலும் அதன் பயிற்சி நிலையம் உண்டு. தொண்டூழியம், களப்பயணம், திட்டப்பணி எனப் பள்ளிகளும் பல வாய்ப்புகளை அளிக்கின்றன. பட்டறிதல், திரும்பிப் பார்த்தல், பொதுமை காணுதல், மீண்டும் செய்து பார்த்தல் என்னும் நான்கு நிலைச் சுழற்சியை 1984இல் டேவிட் கோல்ப் விளக்கியதைப் பயிற்சிக் கல்லூரிகளில் நாம் படிக்கிறோம். ஆயினும், அச்சுழற்சியின் முதல் நிலைக்குப் பேருந்தும் உணவும் ஏற்பாடு செய்துவிட்டு, இரண்டாம் நிலைக்கு நேரமில்லை எனக் கைவிடுதல் அரிதன்று.

ஆகவே, அடுத்த களப்பயணத்தைத் திட்டமிடும் ஆசிரியர், பேருந்துக்குப் பதிவு செய்யுமுன் மூன்று வினாக்களை எழுதிப் பார்க்கலாம். மாணவர் செய்யவிருக்கும் வேலையில் நாமும் கைவைக்கப் போகிறோமா? மறுநாள் வகுப்பில் எந்தப் பாடத்தின் எந்தக் கேள்வியோடு அதனை இணைக்கப் போகிறோம்? கடினமான வேலை எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாக வருகிறதா, அல்லது தேர்வில் பின்தங்கியோர்க்கு மட்டும் ஒதுக்கப்படுகிறதா? முதல் வினா டால்ஸ்டாய் பண்ணை தந்தது. இரண்டாவது வார்தா தந்தது. மூன்றாவதை 1953இல் சென்னை மாநிலம் பெருவிலை கொடுத்துக் கற்றுத் தந்தது. இம்மூன்றுக்கும் விடை எழுத முடியாத பயணத்தைச் சிறிது தள்ளிவைத்து, விடை கிடைத்த பின் புறப்படுவதே நன்று.