தமிழ் நாவலும் கதைத்திட்டமும்: ஒரு வரலாற்று நோக்கு

நாவல் எழுதப் புகுவோர் கதையின் போக்கை முன்னரே வகுத்துக்கொள்ளுதல் வேண்டுமா என்பது, எழுத்துப் பயிற்சி சார்ந்த வினாவாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. அஃது இலக்கிய வரலாற்று வினாவுமாகும் என்பதைச் சுட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காப்பியப் புலவனுக்கு இவ்வினா பெரிதாக எழவில்லை. கதை பெரும்பாலும் முன்னரே வழங்கிற்று. அமைப்பை மரபு வகுத்தளித்தது. கடவுள் வாழ்த்து, நாடு நகர வருணனை, மணம், முடிசூடல், போர், வெற்றி எனப் பெருங்காப்பிய உறுப்புகளைத் தண்டியலங்காரம் தொகுத்துரைக்கிறது. 3 காண்டங்களும் 30 பகுதிகளும் கொண்ட சிலப்பதிகாரத்தின் பதிகம், கதையைச் சுருக்கிக் கூறிப் பகுதிகளையும் வரிசைப்படுத்துகிறது. பதிகம் பிற்சேர்க்கை என்பாரும் உளர். எவ்வாறாயினும், அது முடிந்த நூலின் வைப்புமுறையேயன்றி எழுதப்போகும் நூலின் திட்டமன்று.

நாவலாசிரியரின் நிலை வேறு. கதையும் புதிது, அதற்கு இலக்கணமும் இல்லை. ஆதலின் தொடக்ககால ஆசிரியர்கள் பழகிய கதைப்போக்குகளையே துணைக்கொண்டனர். கண்டியிற் பிறந்து அங்கேயே சட்டத்தரணியாகவும் விளங்கிய சித்திலெவ்வை (1838–1898) 1885இல் வெளியிட்ட ‘அசன்பேயுடைய கதை’ ஈழத்தின் முதல் தமிழ் நாவலெனப் போற்றப்படுவது. எகிப்தில் உயர்குடியிற் பிறந்த குழந்தை கவரப்பட்டு, இந்தியாவில் வளர்ந்து, இறுதியிற் பிறப்புரிமையை அடைகிறது. பிறப்பு, இழப்பு, அலைவு, மீட்பு என்னும் இந்நான்கே அதன் சட்டகம். எத்தனை நிகழ்ச்சிகளைச் சேர்த்தாலும் அது குலையாது.

தொடர்கதை முறை வேறொரு தேவையைத் தோற்றுவித்தது. மாதப்பகுதிகளாக எழுதிய சார்ள்ஸ் டிக்கன்ஸ், தம் பிற்கால நாவல்களில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தாளை இரண்டாகப் பகுத்து, ஒருபுறம் தமக்குத் தாமே கேட்கும் வினாக்களையும் மறுபுறம் அத்தியாயக் குறிப்புகளையும் எழுதிவந்தார். 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வ’னை வாரந்தோறும் எழுதிய கல்கிக்கோ, சோழர் வரலாறே எல்லைகளை வகுத்துக் கொடுத்தது.

சமுதாயமே கதைப்பொருளாகும்போது இவ்வுதவிகள் போதா. மலையகம் இதற்குத் தக்க சான்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. இம்மண்ணிற் பிறந்தமை மட்டும் அவர்க்கு உரிமை தரவில்லை. எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது. அசனுக்குப் பிறப்பே மீட்பாயிற்று. இவர்களுக்குப் பிறப்பே வழக்காயிற்று. இத்தகையோரின் கதையை மீட்புச் சட்டகத்துள் அடக்கின், ஒருவன் வாழ்வுபெறுவதோடு நூல் முடியும். லயன் அறைகளோ அவ்வாறே எஞ்சும். கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ (1964), சி. வி. வேலுப்பிள்ளையின் ‘வீடற்றவன்’ ஆகியவற்றின் தலைப்புகளே எட்டாமையையும் இன்மையையும் உணர்த்துதல் ஈண்டு நோக்கற்பாலது.

எனவே, திட்டம் வேண்டுமா என்பதினும், எவருடைய வாழ்விலிருந்து அத்திட்டம் பெறப்படுகிறது என்பதே முதன்மையான வினாவாகும். இரவற் சட்டகம் கதையை எளிதில் முடித்துத் தரும். ஆனால் முடியாத வாழ்வையும் முடிந்ததாகக் காட்டிவிடும். மலையகத்தைப் பற்றி எழுத முனையும் இளைஞர், முதலத்தியாயத்துக்கு முன்னரே இதனைச் சிந்தித்தல் நன்று.