சூட்டில் கரைந்த புரதம்

1845 நவம்பர் 1. லண்டன் மருத்துவர்கள் வில்லியம் மக்கின்டயரும் தாமஸ் வாட்சனும் கவனித்துவந்த ஒரு நோயாளியின் சிறுநீர், வேதியியலில் தேர்ந்த ஹென்றி பென்ஸ் ஜோன்ஸிடம் வந்து சேர்ந்தது. நோயாளி 45 வயது மளிகை வணிகர். தாளாத எலும்பு வலி. உடன் வந்த குறிப்பின் சாரம் ஒற்றைக் கேள்விதான்: இது என்ன?

கேள்விக்குக் காரணம் இருந்தது. முட்டையின் வெண்கரு போலச் சூட்டில் இறுகுவதே சிறுநீரில் கசியும் அல்புமினின் இயல்பு. இறுகியது மீண்டும் கரைவதில்லை. இதுவோ சூடேற்றினால் தெளிந்தது, ஆறினால் உறைந்தது. 1846ன் தொடக்கத்திலேயே அந்த வணிகர் இறந்தார். உடற்கூறாய்வில் அவருடைய எலும்புகள் மென்மையுற்று, எளிதில் ஒடிபவையாக இருந்தன. எலும்பு மென்மையுறும் பிற நோயாளிகளிடமும் இப்பொருளைத் தேடவேண்டும் என்று பென்ஸ் ஜோன்ஸ் எழுதினார். 1847, 1848 ஆண்டுகளில் அவர் கட்டுரைகள் வெளிவந்தன. அந்த விசித்திரத்தை நோயாளியின் அருகிருந்து முதலில் கண்ட மக்கின்டயர் 1850இல்தான் எழுதினார். புரதத்துக்கு நிலைத்தது பென்ஸ் ஜோன்ஸின் பெயர்.

'இது என்ன' என்பதற்கு முழு விடை கிடைக்க ஒரு நூற்றாண்டுக்கும் மேலாயிற்று. 1956இல் கோர்ன்கோல்டும் லிபாரியும் இப்புரதத்தில் இரு வகைகள் உண்டெனக் காட்டினர். கப்பா, லாம்டா என்னும் கிரேக்க எழுத்துகள் அவ்விருவர் பெயர்களின் முதலெழுத்துகளை நினைவூட்டுபவை. 1962இல் எடல்மனும் கேலியும் புதிரை அவிழ்த்தனர். நம்மைக் காக்கும் எதிர்ப்பொருளின் இலகு சங்கிலியே இது. ஒரே பிளாஸ்மா செல்லின் வழித்தோன்றல்கள் கட்டுமீறிப் பெருகி, ஒரே அச்சில் வார்த்ததுபோல் உற்பத்தி செய்து தள்ளியது. அப்பெருக்கமே மல்டிபிள் மைலோமா எனும் புற்றுநோய்.

இன்றைய இம்யூனோஃபிக்சேஷன் சோதனை அதே கேள்வியை வேறு கருவியால் கேட்கிறது. சிறுநீரின் புரதங்களை மின்புலத்தில் ஜெல்லின்மேல் பிரித்து, ஒவ்வொரு தடத்திலும் ஒரு குறிப்பிட்ட சங்கிலியை மட்டும் பற்றும் எதிர்ச்சீரத்தை இடுகிறார்கள். கப்பா அல்லது லாம்டா தடத்தில் கூர்மையான ஒரு பட்டை தோன்றி, அதற்கு நேராகக் கனச் சங்கிலித் தடங்கள் வெறுமையாக இருந்தால், அது தனித்துத் திரியும் இலகு சங்கிலி. பென்ஸ் ஜோன்ஸ் புரதம். இரு தடங்களிலும் மங்கலாகப் பரவிய கறை பல செல்களின் கலவை. சம இடைவெளியில் ஏணிப்படி போல மெல்லிய பட்டைகள் தெரிந்தால் அவசரப்படலாகாது. அதுவும் பெரும்பாலும் இயல்பான சங்கிலிகளின் தோற்றமே.

சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் சாதாரண வண்ணப்பட்டை முக்கியமாக அல்புமினையே காணும். இச்சங்கிலிகளை அது தவறவிடக்கூடும். அவையோ சிறுநீரக நுண்குழல்களை அடைத்துச் செயலிழக்கச் செய்ய வல்லவை. வழக்கமான சோதனையோடு நிறைவடையாமல் மேலும் ஆராய்ந்து பார்த்த அந்த மருத்துவரின் ஐயமே இத்துறையின் முதல் மூலதனம். பெயர் யாருக்குச் சேர்ந்தாலும் அந்த ஐயம் மக்கின்டயருடையது.