வம்சாவளி என்றொரு சொல்

‘சாதி வேற, இனம் வேற.’ 2001இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நடந்த ஐ.நா. இனவெறி எதிர்ப்பு மாநாட்டில் இந்திய அரசு எடுத்த நிலைப்பாட்டைப் பச்சையாகச் சொன்னால் இவ்வளவுதான். தலித் இயக்கத்தினர் அங்கே போய்க் குரல் கொடுத்தும் இறுதி ஆவணத்தில் சாதி ஏறவில்லை.

அரசு சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது என்பதுதான் சிக்கல். சாதியை இனப் பிரிவாகப் பார்ப்பதை 1936இலேயே ‘சாதி ஒழிப்பு’ நூலில் அம்பேத்கர் மறுத்துவிட்டார். ஆனால் அதே அம்பேத்கர்தான் 1946இல் அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டுபாய்சுக்குக் கடிதம் போடுகிறார்: தேசிய நீக்ரோ காங்கிரஸ் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவில் இரண்டு மூன்று பிரதிகள் வேண்டும், தீண்டப்படாதோரும் அவ்வழியில் போக யோசிக்கிறார்கள் என்று. ஜூலை 31 தேதியிட்ட பதிலோடு டுபாய்ஸ் மனுவை அனுப்பிவைக்கிறார். ரத்த சம்பந்தம் தேடிய கடிதமல்ல அது. ஒடுக்கப்பட்ட நிலை ஒத்திருந்தது. ஆகவே கருவியைக் கேட்டு வாங்கினார். மேடையில் நாம் முழங்கும் சர்வதேசியம், நடைமுறையில் இப்படி ஒரு பிரதி கேட்பதுதான்.

அதே 1946இல், தென்னாப்பிரிக்க இந்தியர்மீதான பாகுபாட்டை இந்தியா ஐ.நா.வில் எழுப்பியது. நியாயமான காரியம். 1965இல் இனப் பாகுபாட்டுக்கு எதிரான உடன்படிக்கை உருவானபோது, இனம், நிறம் ஆகியவற்றோடு ‘வம்சாவளி’ என்ற சொல்லையும் சேர்க்கச் சொன்னது இந்தியாதான். அச்சொல்லுக்குள் சாதியும் அடங்கும் என்று 1996இல் ஐ.நா.வின் கண்காணிப்புக் குழு சொன்னதும், ‘நாங்க அந்த அர்த்தத்துல சொல்லலை’ என்கிற தோரணையில் இந்தியா நழுவியது. வெளிநாட்டில் நடந்தால் இனவெறி. உள்ளூரில் நடந்தால் உள்விவகாரம்.

உள்ளூருக்கே வருவோம். 2022 டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் குடியிருப்பின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரியவந்தது. 2025 ஜனவரியில் சிபிசிஐடி அந்தக் குடியிருப்பைச் சேர்ந்த மூவர்மீதே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அம்மக்கள் அதை ஏற்கவில்லை. அந்த வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். தொட்டி விவகாரத்தை விசாரிக்கப்போன மாவட்ட ஆட்சியர், அதே பகுதி டீக்கடையில் இரட்டைக் குவளையையும், தலித்துகளுக்கு அடைத்திருந்த அய்யனார் கோயிலையும் கண்டாரே, அவற்றுக்கு எந்தப் புலனாய்வு வேண்டும்? குவளையைப் பிரித்தது தோல் நிறமல்ல. எந்த வீட்டில் பிறந்தாய் என்ற கேள்வி. 1965இல் இந்தியா தன் கையாலேயே எழுதிக் கொடுத்த சொல்லுக்கும் அதுதான் அர்த்தம்.