பிரித்து, சேர்த்து, மறுபடி பிரித்த மாவட்டம்

திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் பஸ்ஸில் போகிறவர்களுக்குப் பெரம்பலூர் வழியில் வரும் ஓர் ஊர், அவ்வளவுதான். மாவட்டத்துக்குள் ரயில் கிடையாது, கடல் கிடையாது. வெள்ளாறு வடக்கு எல்லையோடு போய்விடுகிறது. மேற்கே பச்சைமலை; அதன் அடிவாரத்திலிருந்து கிழக்கே சரிந்து இறங்கும் மானாவாரி நிலம். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 5,65,223. அன்றிருந்த 32 மாவட்டங்களில் இதுதான் மிகக் குறைவு. "இதுக்கெல்லாம் ஒரு கலெக்டரா?" என்று கேட்டவர்களை வருவாய்த் துறையில் இருந்த காலம் முழுக்கப் பார்த்திருக்கிறேன். கேட்டவர்களில் ஒருவர்கூடப் பழைய திருச்சி மாவட்டத்தில் மனு கொடுக்க அலைந்தவரில்லை.

என் அப்பா கணக்குப்பிள்ளை. பெரம்பலூரும் உடையார்பாளையமும் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே திருச்சி ஜில்லாவின் தாலுக்காக்கள். அப்பாவுக்குத் தாசில்தார் தெரியும், ஜமாபந்தி தெரியும். கலெக்டர் என்பவர் திருச்சியில் இருந்தார், அவ்வளவே. 1980 நவம்பரில் பரம்பரை கிராம அதிகாரிகள் பதவியை அரசு ஒழித்தபோது அவர் வேலை போயிற்று. பின்னால் வந்த கிராம நிர்வாக அலுவலர்கள் தேர்வெழுதி வந்தார்கள். அது சரியான முடிவு என்பதை அப்பாவே எங்களிடம் சொன்னார். நிலக்கணக்கு ஒரு குடும்பத்தின் சொத்தாக இருக்கக் கூடாது. ஆனால் ஊர் மாறினாலும் திருச்சியின் தூரம் மாறவில்லை. அரவக்குறிச்சி முதல் ஜெயங்கொண்டம் வரை ஒரே மாவட்டம். ஜெயங்கொண்டத்துக்காரர் கலெக்டரைப் பார்க்க நூறு கிலோமீட்டர் போக வேண்டும். அன்றைக்குக் கூலி போச்சு.

1995-இல் திருச்சியை மூன்றாக்கினார்கள். கரூர் ஒன்று, பெரம்பலூர் ஒன்று. நவம்பர் 1 முதல் எங்களுக்குத் தனி மாவட்டம். சந்தோஷம்தான், ஆனால் அப்போது வரைந்த எல்லையில் ஒரு குறை இருந்தது. பச்சைமலையில் தொடங்கிய மாவட்டம் கொள்ளிடக்கரை வரை நீண்டது. திருமானூர்க்காரருக்குப் பெரம்பலூரைவிட ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் தஞ்சாவூர்தான் கிட்ட. கொள்ளிடக்கரை நெல் பூமி. இங்கே வேப்பந்தட்டையில் பருத்தியும் மக்காச்சோளமும். மழை பொய்த்தால் இரண்டு ஊருக்கும் இரண்டு விதமான கஷ்டம், இரண்டு விதமான மனு.

அதனால் 2001 ஜனவரி 1-இல் கொள்ளிடக்கரைப் பக்கத்தைப் பிரித்து அரியலூர் என்று தனி மாவட்டமாக்கியபோது எனக்கு நியாயமாகவே பட்டது. கிராமம் கிராமமாக அ-பதிவேடு, புல வரைபடம், நிலுவைக் கோப்பு எல்லாவற்றையும் பிரித்துக் கட்டினோம். அந்த ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பெரம்பலூரில் 4,93,646 பேர், அரியலூரில் 6,95,524 பேர் என்று தனித்தனியாகவே எண்ணியது. ஆட்சி மாறியது. 2002 ஏப்ரலில் அரியலூரை மறுபடி பெரம்பலூரோடு சேர்த்து அரசாணை வந்தது. பிரித்த கட்டுகள் திரும்பி வந்தன. இந்தக் கணக்கெடுப்புப் புத்தகத்தைப் பிரிக்கிறவர்கள், அதில் மாவட்டமாக இருக்கும் அரியலூர் அடுத்த ஐந்து வருஷம் மாவட்டமாகவே இல்லை என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். மறுபடி ஆட்சி மாறி, 2007 நவம்பர் 23 முதல் அரியலூர் திரும்பவும் தனி. அது இன்றுவரை நிற்கிறது.

இந்த ஆறேழு வருஷ இழுபறியில் அடிபட்டவர்கள் சாதாரண ஜனங்கள். பட்டா மாறுதலுக்கு மனுப் போட்டவர் எந்த அலுவலகத்தில் தன் கோப்பு இருக்கிறதென்று தெரியாமல் நடந்தார். நிர்வாக எல்லையைத் தேர்தலுக்குத் தேர்தல் மாற்றக் கூடாது. இதை நான் எந்தக் கட்சிக்கும் ஆதரவாகவோ எதிராகவோ சொல்லவில்லை.

இரண்டாவது பிரிவினையில் எங்களுக்கு மிஞ்சியது என்ன? கங்கைகொண்ட சோழபுரம் அந்தப் பக்கம் போயிற்று. ரயில் நிலையம் போயிற்று. சிமெண்ட் ஆலைகளும் அவற்றுக்கான சுண்ணாம்புக்கல்லில் பெரும்பகுதியும் போயின. அந்தச் சுண்ணாம்புக்கல் கிரெட்டேசியஸ் காலத்துக் கடல் விட்டுப் போனது. அதே கடலில் அடித்துவரப்பட்டுப் புதைந்து கல்லான மரம் ஒன்று சாத்தனூரில் கிடக்கிறது, 18 மீட்டருக்கு மேல் நீளம். புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் அதைப் பற்றி முதலில் எழுதினார். மரம் எங்கள் பங்கில் நின்றது. 1751-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஆளுக்கொரு நவாபுக்காக வாலிகண்டபுரம் பக்கம் மோதிக்கொண்டபோது நடுவில் நின்ற ரஞ்சன்குடிக் கோட்டையும் எங்களுடையது.

பெரிய சொத்து என்றால் சின்ன வெங்காயம். செட்டிகுளம், ஆலத்தூர் பக்கம் அறுவடை முடிந்ததும் வயலோரம் பட்டறை போட்டு, காற்றாட வெங்காயத்தை அடுக்கி, விலை வரும்வரை காத்திருப்பார்கள். திருகல் நோய் வந்தால் பத்து நாளில் வயல் சுருண்டுவிடும். அந்தப் பத்து நாளுக்குள் அதிகாரி வயலுக்கு வர வேண்டும், அடங்கலில் சாகுபடி சரியாக ஏறியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நிவாரணம் இல்லை. சின்ன மாவட்டத்தின் அருமை எனக்குப் புரிந்தது அங்கேதான். காலையில் தகவல் போனால் மதியத்துக்குள் வேளாண்மை இணை இயக்குநர் வரப்பில் நிற்பார். திருச்சியிலிருந்து அப்படி யாரும் வந்து நான் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் நடை திறப்பதும் முக்கியமாகத் திங்கள், வெள்ளிகளில்தான். வெள்ளாற்றங்கரை லெப்பைக்குடிக்காட்டிலிருந்தும் மலையடிவாரத்துப் பூலாம்பாடியிலிருந்தும் காலை பஸ்ஸில் வந்து மனுவைக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்கிறார்கள். வேண்டுதல் உள்ளவர்கள் எட்டு கிலோமீட்டர் தெற்கே போய் அம்மனையும் கும்பிட்டுவிட்டு, மாடு கறக்க வீடு திரும்பிவிடுகிறார்கள். நான்கு வட்டம், 121 ஊராட்சி. மனசு வைத்தால் ஒரு கலெக்டர் ஒரே வருஷத்தில் அத்தனை ஊராட்சிக்கும் நேரில் போய்விடலாம். பெரம்பலூரை மறுபடி எதனோடாவது சேர்க்கலாம் என்று பேச்சு வந்தால், நான் முதலில் கேட்பது லெப்பைக்குடிக்காட்டுக்காரர் அன்றைக்கே வீடு திரும்ப முடியுமா என்பதைத்தான்.