கம்பம் பள்ளத்தாக்கின் தண்ணீரும் களைக்கொல்லியும்

கம்பம் பள்ளத்தாக்கின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் பெரும்பாலும் 1895-ஆம் ஆண்டிலிருந்தே தொடங்குவர். மேற்கே ஓடி அரபிக் கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்றைக் கர்னல் பென்னிகுயிக் அணைகட்டி மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய பணி நிறைவெய்திய ஆண்டு அது. அதற்கு முன்னரும் இங்கே குளங்கள் உண்டு, வாய்க்கால்கள் உண்டு. எனினும் லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் நிலம் இருபோகம் விளைவது அத்தண்ணீரின் கொடையே ஆகும். தண்ணீர் வந்த கதையைப் பலரும் எழுதிவிட்டனர். அத்தண்ணீரில் வாழ்ந்த உயிர்களின் கதையை எழுதினோர் சிலரே.

1980-களில் நாம் மத்ரஸாவில் ஓதிக்கொண்டிருந்தபோது, ஜூன் மாதத்தில் வயல்களில் தண்ணீர் பாய்ந்த இரவுகளில் தவளைகளின் சத்தம் காதைத் துளைக்கும். கிதாபு பார்க்க முடியவில்லை என்று ஒருநாள் முறையிட்டோம். உஸ்தாது அவர்கள் சிரித்துக்கொண்டே, எகிப்து நாட்டு அறிஞர் கமாலுத்தீன் தமீரி (மறைவு ஹிஜ்ரி 808) இயற்றிய ‘ஹயாத்துல் ஹயவான்’ என்னும் நூலை எடுத்துவரச் சொல்லி, அதில் தவளையைப் பற்றிய பகுதியை எம்மையே வாசிக்கச் செய்தார்கள். மருந்துக்காகவும் தவளையைக் கொல்லலாகாது என்று தடுத்த நபிமொழியை அன்றுதான் அறிந்தோம். பிறகு முறையிடவில்லை!

அக்காலத்தில் களை என்பது முழுவதும் வீணன்று. நடவு முடிந்த சில வாரங்களில் பெண்கள் வரிசையாக இறங்கிக் கையால் களைபறிப்பர். பொன்னாங்கண்ணியும் ஆரைக்கீரையும் மடியில் ஏறி வீட்டு அடுப்புக்குப் போகும். புல் மாட்டுக்குப் போகும். நண்டும் நத்தையும் கொக்குக்கும் நாரைக்கும் மிஞ்சும்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஆராய்ச்சியில் பிறந்த 2,4-டி என்னும் மருந்தே இக்காலக் களைக்கொல்லிகளுக்கு முன்னோடி. அதன் பின் நெல்வயலுக்கென பூட்டாகுளோர் முதலியன வந்தன. நட்ட மூன்றாம் நான்காம் நாளில் மணலோடு கலந்து தூவினால் களை முளைக்காது. ஆள் கிடைக்காமலும் கூலி கொடுத்து மாளாமலும் தவிக்கும் விவசாயியை இதற்காகக் குற்றம் சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

ஆனால் பூட்டாகுளோர் மீனுக்குக் கொடிய நஞ்சு. தூவியபின் இரண்டு மூன்று நாட்களாவது தண்ணீரை வெளியே விடலாகாது என்பது இதனாலேயே. நம் பள்ளத்தாக்கிலோ வயலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் பாய்கிறது. ஒரு மழை போதும். வரப்பு வழிந்து, வாய்க்கால் வழியே குளத்தைச் சேரும். நஞ்சு நேரே கொல்லாவிடினும், பாசியும் நீர்ச்செடியும் மடிந்து அழுகும்போது தண்ணீரிலுள்ள பிராணவாயு குறைகிறது. பாசியை மேயும் தலைப்பிரட்டைக்கு உணவில்லை. மீனுக்கும் மூச்சு முட்டுகிறது.

1974-இல் விற்பனைக்கு வந்த கிளைபோசேட்டின் கதை வேறு. அமெரிக்காவில் ரிலியா என்ற ஆராய்ச்சியாளர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், தொட்டிகளில் அம்மருந்துக் கலவையை இட்டபோது தலைப்பிரட்டைகளுள் இரண்டு இனங்கள் அறவே அழிந்தன. கொன்றதில் பெரும்பங்கு மருந்துக்கன்று, இலையில் ஒட்டுவதற்காக அதனோடு சேர்க்கும் சோப்புப் போன்ற பொருளுக்கே என்கின்றனர். அதே ஆய்வில் 2,4-டி தலைப்பிரட்டைகளுக்குத் தீங்கு செய்யவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். எல்லா மருந்தும் ஒன்றன்று.

இன்று ஜூன் இரவுகளில் நாம் தடையின்றிக் கிதாபு பார்க்கிறோம். வயல்கள் வீட்டுமனைகளானதும், பூச்சிமருந்தும் இதில் பங்குடையவை. களைக்கொல்லி மட்டுமே காரணமென்று சாதிக்கமாட்டோம். இத்தண்ணீர் முல்லையாறாக ஓடி, 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையை அடைகிறது. மதுரை நகரின் குடிநீருக்கும் அங்கிருந்து எடுக்கின்றனர்.

சில ஆண்டுகளுக்கு முன் வயல்காரர் ஒருவர் ஜும்ஆவுக்குப் பின் நம்மிடம் வந்தார். களைக்கொல்லி தூவிய மறுநாளே மடையைத் திறந்துவிட்டாராம். கீழ்வயல்காரர் குட்டையில் வளர்த்த மீன்கள் மிதந்தனவாம். “ஹஜ்ரத், தண்ணீர் தானாகத்தானே போனது, நான் ஈடு கொடுக்கவேண்டுமா?” என்றார். மடையைத் திறந்தது யார் என்று கேட்டோம். சற்று நேரம் பேசாதிருந்தார். மறுவாரம் மீனின் விலையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து சொன்னார். வாய்க்கால் கடைசியிலுள்ள குளத்திலும் அன்று மீன் மிதந்ததா என்று கேட்டோம். அதை அவர் போய்ப் பார்க்கவில்லை.