அண்ணனைக் கைவிடாத தம்பி

ஓர் ஏலக்கூடத்தில் தொடங்குகிறது அந்தத் திரைப்படம். 1987-ஆம் ஆண்டு மார்ச் 30-ஆம் நாள் இலண்டன் மாநகரில் நடந்த உண்மையான ஏலம் அது. சூரியகாந்தி மலர்களைத் தீட்டிய ஓவியம் ஒன்றின் விலை ஏறிக்கொண்டே போய், ஏறத்தாழ 4 கோடி டாலரில் நிற்கிறது. அந்தக் கூவல் ஓய்வதற்குள் காட்சி நூறு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்கிறது. அழுக்கடைந்த ஓர் அறை. அதில் அந்த ஓவியரும் அவருடைய தம்பியும். கோடிகளைக் கூவும் குரல் பின்னணியில் ஒலிக்க, இரு சகோதரர்கள் அன்றாடச் செலவைப் பற்றி வாக்குவாதம் செய்கிறார்கள். சிரிப்பும் வேதனையும் ஒன்றாகவே எழுகின்றன.

இராபர்ட் ஆல்ட்மன் 1990-இல் இயக்கிய இப்படத்தின் பெயர் ‘வின்சென்டும் தியோவும்’. வின்சென்ட் வான் கோவைப் பற்றி வேறு பல படங்கள் வந்துள்ளன. அவை பெரும்பாலும் மேதையைப் பார்க்கின்றன. அவரைத் தாங்கிய தம்பி ஓரத்தில் நிற்கிறார். இப்படமோ தம்பியின் பெயரையும் தலைப்பிலேயே ஏற்றிவைத்தது. மனநோயின் வரலாற்றை நோயாளியிடமிருந்து மட்டும் கேட்டால் போதாது. அவரோடு வாழ்ந்தவரிடமும் கேட்கவேண்டும் என்பதை இது உணர்த்துகிறது. அந்த வகையில் இவ்விரு சகோதரரின் மெய் வரலாறு நம் சிந்தனைக்கு உரியது.

வின்சென்ட் 1853-இல் நெதர்லாந்து நாட்டின் சுன்டர்ட் என்னும் சிற்றூரில் பிறந்தார். தியோ 1857-இல் பிறந்தார். தந்தை சீர்திருத்த சபையின் போதகர். அண்ணன் தம்பி இருவரும் இளமையிலேயே கூப்பில் என்னும் ஓவிய வணிக நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தனர். தம்பி அத்தொழிலில் வேரூன்றினார். அண்ணனோ 1876-இல் வேலையிழந்தார். பின்னர் நற்செய்திப் பணியில் ஆர்வம் கொண்டு, பெல்ஜியத்தின் போரினாஷ் நிலக்கரிச் சுரங்கப் பகுதிக்குச் சென்றார். தம் உடைகளை ஏழைத் தொழிலாளர்க்குக் கொடுத்துவிட்டு, தாம் வைக்கோலில் படுத்தார். அவரை அனுப்பிய குழுவினர்க்கு இந்த மிகையான துறவு பிடிக்கவில்லை. 1879-இல் பணி நீட்டிக்கப்படவில்லை. மறு ஆண்டு, தமக்கு வயது 27 ஆனபோது, ஓவியமே தம் வழி என்று தெளிந்தார். தியோ தம் சம்பளத்திலிருந்து அண்ணனுக்குப் பணம் அனுப்பத் தொடங்கினார். அதைப் பத்து ஆண்டுகள் நிறுத்தவே இல்லை.

பணத்தோடு கடிதங்களும் போயின, வந்தன. 1872 முதல் 1890 வரை வின்சென்ட் தம் தம்பிக்கு எழுதியவற்றுள் 650-க்கும் மேற்பட்ட கடிதங்கள் நமக்குக் கிடைத்துள்ளன. தியோ எழுதியவற்றுள் எஞ்சியவை சுமார் நாற்பதே. ஒருவர் எல்லாவற்றையும் பத்திரமாகச் சேர்த்துவைத்தார். மற்றவர்க்கு எதையும் சேர்த்துவைக்கும் வாழ்க்கை வாய்க்கவில்லை. அந்த எண்ணிக்கையே இருவரின் இயல்பையும் சொல்லிவிடுகிறது.

தியோவைக் குறையற்ற புனிதராக நாம் கற்பனை செய்யவேண்டியதில்லை. 1886-இல் வின்சென்ட் பாரிஸ் வந்து தம்பியின் வீட்டில் இரண்டு ஆண்டுகள் தங்கினார். ஓயாத வாதங்கள், ஒழுங்கற்ற அறை, வர மறுத்த விருந்தினர்கள். வீட்டில் வாழ்வதே பொறுக்க முடியாததாகிவிட்டது என்று தியோ தம் தங்கைக்கு எழுதினார். அண்ணனுக்குள் இரண்டு மனிதர்கள் இருப்பதாகவும், அவரே அவருக்குப் பகைவர் என்றும் வருந்தினார். இவ்வளவும் எழுதியவர் அண்ணனை வெளியேற்றவில்லை. அன்பு என்பது சலிப்பே இல்லாத நிலையன்று. சலித்த பின்னும் கதவைத் திறந்துவைக்கும் மனம்.

1888 டிசம்பரில், தென் பிரான்சின் ஆர்ல் நகரில், வின்சென்டின் நோய் வெளிப்படையாக வெடித்தது. தம் காதைத் தாமே அறுத்துக்கொண்டு மருத்துவமனையில் கிடந்தார். அந்நாள்களில்தான் தியோவுக்கும் யோகன்னாவுக்கும் திருமணம் நிச்சயமாகியிருந்தது. கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவின் முந்தின இரவு, தம் மகிழ்ச்சியை ஒருபுறம் வைத்துவிட்டு, தியோ தெற்கு நோக்கி இரயில் ஏறினார். 1889 மே மாதம் வின்சென்ட் தாமாகவே முன்வந்து சான் ரெமி ஊரின் மனநல விடுதியில் சேர்ந்தார். அது முன்னாளில் துறவியர் மடமாக இருந்த கட்டடம். செலவைத் தியோ ஏற்றார். அந்த ஓர் ஆண்டில் ஏறத்தாழ 150 ஓவியங்கள் பிறந்தன. அவை பாரிஸ் வந்து சேர்ந்து, தியோவின் சிறு வீட்டில் கட்டிலுக்கடியிலும் அலமாரிக்கடியிலும் அடுக்கப்பட்டன. உலகம் கோடி கொடுத்து வாங்கப்போகும் ஓவியங்களின்மேல் ஒரு குடும்பம் படுத்துறங்கியது!

1890 ஜனவரி 31 அன்று தியோவுக்கு மகன் பிறந்தான். அவனுக்கு வின்சென்ட் என்றே பெயரிட்டனர். பெரியப்பா மருத்துவ விடுதியிலிருந்தே, நீல வானத்தின்கீழ் பூத்த வாதுமைக் கிளைகளைத் தீட்டி அக்குழந்தைக்குப் பரிசளித்தார்.

மே மாதம் அவர் பாரிசுக்கு அருகிலுள்ள ஓவேர் ஊருக்கு வந்தார். சூலையில் தியோவின் வீட்டில் கவலை சூழ்ந்தது. குழந்தைக்கு நோய், வேலையில் நெருக்கடி. தாம் தம்பிக்குச் சுமையாகிவிட்டோமோ என்ற அச்சம் வின்சென்டை வாட்டியது. மனச்சோர்வு பேசும் பொய்களுள் மிகக் கொடியது இதுவே: ‘நீ இல்லாவிட்டால் அவர்கள் நிம்மதியாக இருப்பார்கள்.’ சூலை 27 அன்று அவர் தம்மைத் தாமே காயப்படுத்திக்கொண்டார். செய்தி கேட்டு ஓடிவந்த தியோ இறுதிவரை படுக்கையருகே இருந்தார். 29-ஆம் நாள் அதிகாலை வின்சென்ட் உயிர்நீத்தார். அவருக்கு வயது 37.

இனி வருவது கத்தோலிக்கராகிய நாம் நின்று வாசிக்கவேண்டிய பக்கம். இறந்தவர் தற்கொலை செய்துகொண்டவர் என்பதால், ஓவேர் பங்குக்குரு ஆலயத்தின் சவ வண்டியைத் தர மறுத்தார். பக்கத்து ஊரிலிருந்து வண்டி வாங்கிவரப்பட்டது. பேழையின்மேல் மஞ்சள் மலர்களைக் குவித்து, நண்பர்கள் சிலர் பின்தொடர, தியோ அழுதபடி நடந்தார். அதே ஊரின் ஆலயத்தை வின்சென்ட் முந்தின மாதந்தான் வரைந்திருந்தார். பின்புறத்திலிருந்து தீட்டப்பட்ட அந்த ஓவியத்தில் ஆலயத்தின் வாசல் தெரிவதில்லை.

அக்குருவானவரைக் கல்நெஞ்சர் என்று பழிப்பது எளிது, நேர்மையன்று. ஆறாம் நூற்றாண்டிலேயே பிராகா நகரில் கூடிய சங்கம், தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டவர்க்கு அடக்கச் சடங்குகளை மறுத்திருந்தது. உயிர் கடவுளின் கொடை என்னும் உண்மையைக் காக்க எழுந்த வேலி அது. 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பும், முழு அறிவோடு தற்கொலை செய்து மனம் வருந்தாமல் இறந்தவர்க்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. ஆனால் ‘முழு அறிவோடு’ என்னும் சொல்லுக்குள் எவ்வளவு துயரம் மறைந்திருக்கிறது என்பதை மருத்துவமும் அனுபவமும் மெல்ல மெல்லக் கற்றுத்தந்தன. 1983-இல் வெளிவந்த புதிய சட்டத் தொகுப்பு அத்தடையை விலக்கிவிட்டது. 1992-இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூல், தற்கொலை பெருந்தவறு என்பதை மறைக்கவில்லை. எனினும் கடுமையான உளநோயும் வேதனையும் அச்சமும் மனிதரின் பொறுப்பைக் குறைக்கும் என்கிறது. அவர்களுடைய மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கலாகாது என்றும், திருச்சபை அவர்களுக்காக மன்றாடுகிறது என்றும் கற்பிக்கிறது. அன்று வண்டியின் பின்னே அழுதுகொண்டு நடந்த தம்பியின் பக்கத்தில் திருச்சபை வந்து நிற்க, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

அப்படியானால் தியோவின் அன்பு தோற்றதா? தற்கொலையால் ஒருவரை இழந்த ஒவ்வொரு வீட்டிலும் இக்கேள்வி இரவில் விழித்திருக்கிறது. ‘இன்னும் கொஞ்சம் கவனித்திருந்தால்?’ என்று தாய் கேட்கிறாள். ‘அன்று கடிந்து பேசாமல் இருந்திருந்தால்?’ என்று அண்ணன் கேட்கிறான். அவ்வீடுகளுக்கு இவ்வரலாறு ஒன்றைச் சொல்கிறது. பத்து ஆண்டுகள் பணமும் கடிதமும் வீடும் பொறுமையும் கொடுத்த ஒருவராலும் அந்நோயைத் தீர்க்க இயலவில்லை. அன்பு மருத்துவத்தின் இடத்தை நிரப்பாது. அந்நாளில் அதற்குத் தக்க மருந்தும் இல்லை. இழந்தவர்கள் அன்பில் குறைந்தவர்கள் என்று ஊரார் தீர்ப்பிடுவது அநீதி.

இன்று மருந்துண்டு, மருத்துவருண்டு. நம் நாட்டில் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் பேசக் கேட்போருண்டு. செபமாலையோடு மருத்துவமனைக்கும் அழைத்துச் செல்வது விசுவாசக் குறைவன்று.

தியோ அண்ணனுக்குப் பின் ஆறே மாதம் வாழ்ந்தார். அவர் உடலில் ஏற்கெனவே இருந்த நோய் முற்றி மூளையைத் தாக்க, 1891 ஜனவரி 25 அன்று உட்ரெக்ட் நகரில், 33 வயதில் மறைந்தார். 28 வயதுக் கைம்பெண் யோகன்னாவின் கையில் ஒரு குழந்தையும், யாரும் விரும்பாத நூற்றுக்கணக்கான ஓவியங்களும், ஒரு குவியல் கடிதங்களும் எஞ்சின. அவர் விடுதி நடத்திப் பிழைத்தார். ஓவியங்களைக் கண்காட்சிகளுக்கு அனுப்பினார். 1914-இல் கடிதங்களை நூலாக வெளியிட்டார். அதே ஆண்டில் கணவரின் உடலை ஓவேருக்குக் கொண்டுவந்து அவருடைய அண்ணனின் அருகில் அடக்கம் செய்தார். வாதுமைப் பூக்களைப் பரிசாகப் பெற்ற அக்குழந்தை வளர்ந்து பொறியாளரானார். 1973-இல் ஆம்ஸ்டர்டாமில் திறக்கப்பட்ட வான் கோ அருங்காட்சியகம் அவர் முயற்சியால் எழுந்தது.

‘நான் என் சகோதரனுக்குக் காவலாளியோ?’ என்னும் பொருளில் காயின் கேட்ட கேள்வி நம் காதுகளில் இன்றும் ஒலிக்கிறது. தியோ அதற்குப் பேச்சால் விடை சொல்லவில்லை. ஓவேர் கல்லறைத் தோட்டத்தில் ஒரே அளவான இரண்டு எளிய கற்கள் அருகருகே நிற்கின்றன. இரண்டு கல்லறைகளையும் ஒரே பசுங்கொடி மூடியிருக்கிறது.