மூன்று தண்ணீர் மாறிய மா

ஒடியல் கூழுக்கு அடுப்பு மூட்டுவதற்குப் பல மாதங்கள் முன்பே அதன் வேலை தொடங்கிவிடுகிறது. ஆவணியிலும் புரட்டாதியிலும் பனம்பழம் விழும். விடியப்புறம் எழும்பிப் போகிறவருக்கு நல்ல பழம் கிடைக்கும். களியைப் பிசைந்தெடுத்துப் பாயில் ஊற்றிக் காயவிட்டால் பனாட்டு. பிறகு மிஞ்சுவது தும்பு பிடித்த கொட்டை. ஒரு பழத்தில் பெரும்பாலும் மூன்று. அவற்றை எறிந்துவிடாமல், இளகிய மண்ணை மேடாகக் கூட்டிப் பாத்தி கட்டி, நெருக்கி அடுக்கி மூடிவிடுவார்கள். மிச்சத்தை ஐப்பசி, கார்த்திகை மழை பார்த்துக்கொள்ளும்.

அந்தப் பாத்திக்குள் நடப்பது எனக்கு எப்போதுமே வியப்பு. பனங்கொட்டை முளையை முதலில் மேலே அனுப்பாது. காம்பு போன்ற ஒன்றைக் கீழே நீட்டி, அதன் வழியாகக் கன்றின் கருவை மண்ணின் ஆழத்துக்கு இறக்கிவைக்கும். கொட்டைக்குள் இருந்த உணவும் அந்த வழியே இறங்கி, மாச்சத்தாகத் திரண்டு கிழங்காகும். வறண்ட நிலத்தில் பிறக்கப்போகும் தன் குழந்தைக்கு மரம் கட்டிக்கொடுக்கும் சோறு அது. கொட்டைக்குள் பஞ்சுபோல் மிஞ்சும் பூரான், வெட்டித் தின்னக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு.

தை, மாசியில் கிழங்கு கிண்டுவார்கள். அவித்தால் அன்றைக்கே தின்னலாம். அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். தேங்காய்ச் சொட்டோடு கடிக்க அதற்கு நிகரில்லை. பச்சையாகவே தோலுரித்து, இரண்டாகக் கிழித்து வெயிலில் காயவைத்தால் ஒடியல். கல்லுப்போல் இறுகிவிடும். வருடக்கணக்காக இருக்கும். தேவைப்படும்போது இடித்து, அரிதட்டில் அரித்து மாவாக்குவார்கள்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி செம்மண் ஊர். கிணற்றுநீர் இறைத்து வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் மரக்கறியும் செய்த மண். பனங்கூடல்கள் மணற்பாங்கான ஊர்களுக்கு உரியவை. ஒடியல் அங்கிருந்து வரும். மீனும் நண்டும் இறாலும் பாசையூர், குருநகர்ப் பக்கத்துக் கடலிலிருந்து. தோட்டத்தின் பங்கு பயத்தங்காயும் மரவள்ளிக்கிழங்கும் செத்தல் மிளகாயும். பலாக்கொட்டை எந்த வளவிலாவது கிடக்கும். குடாநாட்டின் மணலும் செம்மண்ணும் கடலும் ஒரே பானையில் சந்திப்பதென்றால் அது கூழில்தான். நல்லூர்க் கந்தன் கோயிலில் கொடியேறிவிட்டால் பக்கத்து ஊரான திருநெல்வேலியிலும் வீடுகள் மச்சம் தள்ளிவைக்கும்; மீன் போட்ட கூழ் திருவிழா முடியும்வரை காத்திருக்கும். ஆடிப்பிறப்புக்குக் காய்ச்சுவது வேறு கூழ். அரிசிமாவும் பயறும் தேங்காய்ப்பாலும் பனங்கட்டியும் சேர்ந்த இனிப்பு அது. அதற்கு நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் பாட்டு இருக்கிறது, பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். ஒடியல் கூழுக்கு அப்படியொரு பாட்டு வாய்க்காதது எனக்குச் சற்று மனக்குறை.

கூழின் உயிர்நிலை அடுப்பில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது. ஒடியல் மா கைக்கும். மாவைக் கரைத்து வைத்தால் அது அடியில் படியும். மேலே தெளிந்த தண்ணீரோடு கைப்பும் வரும். அதை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் விட வேண்டும். பிறகு இன்னொரு தடவை. எங்கள் வீட்டில் மூன்று தண்ணீர் மாற்றுவது வழக்கம். “கைப்புப் போட்டுதோ எண்டு நாக்கிலை வைச்சுப் பார், பிள்ளை” என்பார் அம்மம்மா. பானையில் ஒரு பிடி புழுங்கலரிசியும் பலாக்கொட்டையும் மரவள்ளியும் வெந்து, மீனும் நண்டும் இறாலும் போட்டு, பயத்தங்காயும் முருங்கையிலையும் சேர்ந்தபின், அரைத்த செத்தல் மிளகாயும் மஞ்சளும் பழப்புளியும் விட்டு, கடைசியில்தான் மாக்கரைசல். அகப்பையை நிறுத்தாமல் துழாவ வேண்டும். பச்சைமா மணம் போய், கூழ் தடிக்கும்போது இறக்கி, பனையோலைப் பிளாவில் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக் குடிப்பது. வியர்த்து, மூக்கு ஓடினால்தான் குடித்த மாதிரி.

உலகத்தில் மாவைத் துழாவிக் களியாகவோ கூழாகவோ உண்ணாத இனம் குறைவு. இத்தாலியில் சோளமாவைக் கிண்டிப் பொலெந்தா என்றார்கள், கிழக்கு ஆப்பிரிக்காவில் உகாலி என்றார்கள். மெக்சிக்கோவின் பழங்குடிகள் சோளத்தைச் சுண்ணாம்பு நீரிலோ சாம்பல் நீரிலோ அவித்த பின்னரே அரைத்தார்கள். 1492க்குப் பிறகு தானியம் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. சுண்ணாம்பு நீர் கூடப் போகவில்லை. அந்தப் பக்குவம் இல்லாவிட்டால் சோளத்திலுள்ள நயாசின் உடம்பில் சேராது. சோளக்களியே கதியென்றிருந்த ஏழைகளுக்குத் தோல் வெடித்தது, புத்தி பேதலித்தது. 1735இல் ஸ்பெயினில் காஸ்பர் காசல் அந்த நோயை எழுதிவைத்தார். பிறகு இத்தாலியர் அதற்குப் பெலாக்ரா என்று பெயரிட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தென்மாநிலங்களிலும் அதே நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. தானியம் மட்டும் பயணப்பட்டு, அதன் பக்குவம் ஊரிலேயே நின்றுவிட்டதற்கு மனிதர் கொடுத்த விலை அது.

யாழ்ப்பாணத்தில் ஒடியலும் அதன் பக்குவமும் பிரியவில்லை. 1942இல் பர்மா யப்பானியரிடம் வீழ்ந்து அரிசிக் கப்பல் நின்றது. எழுபதுகளில் இறக்குமதித் தடையால் செம்மண் தோட்டங்களின் மிளகாயும் வெங்காயமும் பொன்விலை போனாலும், அரிசியும் பாணும் அரிதாயின. 1990இல் உள்நாட்டுப் போரால் பொருளாதாரத் தடை வந்தது. கடையில் இல்லாதபோதெல்லாம் கைகொடுக்கும் மா வளவுக்குள் இருந்தது. அதே போரில் காவலரண்களுக்காகப் பனைகள் கணக்கின்றித் தறிக்கப்பட்டன. பனை காய்க்கப் பதினைந்து, இருபது வருடம் ஆகும். நாம் தின்னும் ஒவ்வொரு கிழங்கும் நின்றிருக்கக்கூடிய ஒரு மரம் என்பதால், பாத்தி போடுகிறவர் எல்லைவேலி ஓரமாகவும் சில கொட்டைகளைப் புதைத்துவிடுவது நல்லது.

இன்று ஒடியல் மா புலம்பெயர்ந்தோர் வாழும் ஸ்காபரோவிலும் வெம்பிளியிலும் பாரிஸ் லா சப்பலிலும் பைகளில் விற்கிறது. உறைந்த நண்டு அங்கே கிடைக்கிறது, பிளாவுக்குப் பதில் காகிதக் குவளை. கோடையில் பூங்காவில் கூடிப் பெரிய பானையில் காய்ச்சுகிறார்கள். முதற்தடவை காய்ச்சும் இளையவர்கள் பலர் மாவை நேரே கொதிநீரில் கொட்டி, கைப்பில் முகம் சுளித்து, இதையா நீங்கள் கொண்டாடினீர்கள் என்று கேட்கிறார்கள். பிழை அவர்களுடையதல்ல. மாவைப் பையிலடைத்து அனுப்புகிறவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான்: பின்புறத்தில் இரண்டு வரி அச்சிடுங்கள். மாவைக் கரைத்து ஒரு மணித்தியாலமாவது படியவிடவும். மேல்தண்ணீரை ஊற்றிவிட்டு, நாக்கில் கைப்புத் தெரியாமல் போகும்வரை புதுத் தண்ணீர் மாற்றவும்.